பைக் பெட்ரோல் டேங்க்கை வீட்டிலேயே கழட்டித் துரு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளையில் அப்பாவின் ஆர்எக்ஸ் 100 எட்டு வருடம் சும்மாவே நின்றது. அதை மறுபடியும் ஓட வைக்கும்போது டேங்க் விஷயத்தில் இரண்டு தடவை கெடுத்து, மூன்றாம் தடவைதான் ஒழுங்காக முடித்தேன். அது தெரிந்ததிலிருந்து பங்காளி மகன், கூடப் படித்தவர்கள், கறிக்கடை வரிசையில் முன்னால் நிற்கிறவர் என்று ஆளாளுக்கு அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் கேட்டதைக் கேட்டபடியே எழுதி வைக்கிறேன். இதெல்லாம் இரும்புத் தகட்டு டேங்க், கார்புரேட்டர் வண்டிக்குச் சொல்வது. மற்றவை கடைசிப் பக்கம் வரும்.

ஏனுங்கண்ணா, டேங்குக்குள்ள துரு இருக்குன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், பாதி தெரிந்துவிடும். பெட்ரோல் நிறைய இருந்தால் அடி தெரியாது, அதனால் குறைவாக இருக்கும்போது பார்க்க வேண்டும். காப்பிப்பொடி தூவினது போல் மெல்லிசாக இருந்தால் சாதாரணத் துரு. அடை அடையாக உரிந்து, தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தால் வேலை கொஞ்சம் பெரிசு.

இன்னொரு இடம் பெட்ரோல் டேப்பின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம். எல்லா வண்டியிலும் இருக்காது, இருந்தால் கழட்டி வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். செம்மண் சேறு மாதிரி வந்தால் டேங்க் பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டி உள்ளேதானே நின்னுச்சு, ஒரு சொட்டு மழை படலீங்களே, அப்புறம் எப்படித் துரு வந்துச்சு?

மழை வேண்டியதில்லை. டேங்க் மூடியில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை உண்டு (இதைப் பற்றிக் கடைசியில் தனியாக வருகிறது). பகலில் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஈரம் மேல் தகட்டில் வேர்த்துக் கீழே இறங்கும். பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நின்ற வண்டிதான் முதலில் கெடும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் நேராக அடிக்குப் போய்விடும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடது பக்கம் சாய்வதால் பெரும்பாலும் இடது அடி மூலைதான் முதலில் அரிக்கிறது, எங்கள் வண்டியிலும் அதே மூலைதான்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். தினமும் ஓட்டி வாராவாரம் பெட்ரோல் போடுகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவே இல்லை. நிறுத்தி வைக்கிறவர்களுக்குத்தான்.

கழட்டாம வண்டியில வச்சே கழுவிக்கலாமுங்களா?

கூடாது. அடியில் இருக்கும் குப்பை முழுக்க டேப் வழியாகக் கார்புரேட்டருக்குப் போகும், அமிலம் சிந்தினால் இன்ஜின் அலுமினியத்தைத் தின்னும். கழட்டுவது அரைமணி நேர வேலைதான், சோம்பல் படாதீர்கள்.

சரி, கழட்டறது எப்படிங்க? மெக்கானிக் இல்லாம ஆகுமா?

ஆகும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழட்டுங்கள். டேப்பை மூடி, பெட்ரோல் டியூபை உருவி, அதில் நீளமான டியூப் ஒன்றை மாட்டி, டேப்பை ரிசர்வில் வைத்து ஒரு இரும்பு டின்னில் முழுக்க இறக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் குடம் வேண்டாம், பெட்ரோல் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் பிளாஸ்டிக்கில் இறங்க வழியில்லாமல் தங்கும். அப்புறம் சீட்டை எடுங்கள். டேங்கின் பின்பக்கம் ஒன்றோ இரண்டோ போல்ட் இருக்கும். பெட்ரோல் மீட்டர் இருக்கும் வண்டியில் வயர் சாக்கெட்டையும் கழட்ட வேண்டும். முன்னால் இரண்டு ரப்பர் புஷ்ஷில்தான் டேங்க் சொருகி நிற்கும்: பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, நேராகப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். பழைய வண்டியில் ரப்பர் இறுகி ஒட்டியிருக்கும், அங்கே நெம்பினால் தகடு நசுங்கும், இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி எடுங்கள்.

இடம்தான் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போகாது, தரையோடு ஊர்ந்து போகும். நம் வீடுகளில் வாசலோரம் வெந்நீர் அடுப்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்குமே, அது இருபதடி தள்ளி இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் எல்லாரும் குளித்து அடுப்பை அணைத்த பிறகு, களத்துமேட்டில், காற்று வீசும் பக்கம் பார்த்துச் செய்யுங்கள். காலி டேங்க்தானே என்று நினைக்கிறவர்கள் கவனிக்க: நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே காற்றும் ஆவியும் பற்றிக்கொள்ளும் அளவில் கலந்திருக்கும்.

எறக்குன பழைய பெட்ரோலை வேற வண்டிக்கு ஊத்திக்கலாமா?

ஒரு மாதம் இரண்டு மாதம் ஆனதென்றால் துணியில் வடிகட்டி, அடியில் தங்கும் கடைசிக் கால் லிட்டரை விட்டுவிட்டு, புதுப் பெட்ரோலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டலாம். வருடக்கணக்கில் நின்றது பழைய பெயிண்ட் டப்பா மாதிரி புளித்த வாசம் அடிக்கும், அதை எந்த வண்டிக்கும் ஊற்றாதீர்கள். மெக்கானிக் கடையில் சாமான் கழுவக் கேட்டால் கொடுத்துவிடலாம். குப்பை கொளுத்த ஊற்றுகிற பழக்கம் உள்ளவர்கள் மேலே ஆவி பற்றிச் சொன்னதை இன்னொரு தடவை படிக்கவும்.

துரு போக எதை ஊத்தறதுங்க? ஒருத்தர் கோலாங்கறாங்க, ஒருத்தர் பாத்ரூம் கழுவற ஆசிட்டுங்கறாங்க.

என் முதல் தப்பு பாத்ரூம் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை அரைமணியில் தின்றுவிடும், அது உண்மை, ஆனால் துரு தீர்ந்ததும் நிற்காமல் நல்ல இரும்பையும் தின்னும். நான் சாயங்காலம் ஊற்றி வைத்து, ஒரம்பரை வந்துவிட்டார்கள் என்று வீட்டுக்குள் போனவன், காலையில்தான் வந்து பார்த்தேன். இடது அடி மூலையில் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டை. அது போகட்டும், அதன் புகையில் பக்கத்தில் பலகையில் மாட்டியிருந்த ஸ்பேனர் அத்தனையும் ஒரே ராத்திரியில் செம்பட்டை ஆகியிருந்தது.

கோலாவில் பாஸ்போரிக் அமிலம் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கம்மி, சர்க்கரைப் பிசுபிசுப்பைக் கழுவ வேறு ஒரு நாள் வேண்டும். வினிகர் வேலை செய்யும், மெதுவாக. குத்துவிளக்குக்குப் புளி போடுவது மாதிரிதான் எல்லாமே, புளிப்பு துருவைக் கரைக்கும். நான் சொல்வது சிட்ரிக் அமிலம், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். வெள்ளைப் பரல், வாசம் இல்லை, இரும்பை மெதுவாகத்தான் தொடும். மளிகைக் கடையில் சின்னப் பொட்டலமாக வாங்கினால் கட்டுப்படியாகாது, திருப்பூர், ஈரோட்டில் சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் விற்கிற கடைகளில் கிலோவாகவே கிடைக்கும். கையோடு சோடா ஆஷ் (சலவை சோடா) ஒரு கிலோவும் வாங்கிக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எத்தனை போடணும், எத்தனை நேரம் வைக்கணும்?

முதலில் டேப், மீட்டர் ஃப்ளோட், மூடி எல்லாவற்றையும் கழட்டிவிட்டு, சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு இரண்டு மூன்று தடவை குலுக்கிக் கழுவுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் அமிலம் துருவைத் தொடவே தொடாது, டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஓட்டியிருந்தால் இது இன்னும் முக்கியம். டேப் ஓட்டைக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மேலே ஒரு தகடு வைத்து, டேப் போல்ட்டையே போட்டு இறுக்கினால் சொட்டாது.

லிட்டருக்கு 80 முதல் 100 கிராம். பத்துப் பன்னிரண்டு லிட்டர் டேங்குக்கு ஒரு கிலோ சரியாக வரும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கரைத்து, கழுத்து வரை ஊற்றுங்கள், மேல் தகட்டிலும் துரு உண்டு என்று முன்பே சொன்னேன். பெயிண்ட் மேல் பட்டால் மங்கிவிடும், வாயைச் சுற்றி வாசலின் தடவிப் பாலிதீன் சுற்றிக்கொள்ளுங்கள். மூடியை மட்டும் இறுக்கி மூடாதீர்கள், அமிலம் இரும்பில் படும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு துணியைப் போட்டு வைத்தால் போதும். லேசான துருவுக்கு ஒரு ராத்திரி, அடை பிடித்ததற்கு 24 மணி நேரம். தண்ணீர் மஞ்சள், பச்சை, அப்புறம் கறுப்பு என்று மாறிக்கொண்டே போகும். கறுத்த பிறகும் துரு மிச்சம் இருந்தால் அதையே நாள்கணக்கில் ஊற வைக்காமல் புதுசாகக் கரைத்து ஊற்றுங்கள்.

உள்ள ஜல்லி போட்டுக் குலுக்கினா சீக்கிரம் போகுமாமே?

போகும், ஆனால் ஜல்லி வேண்டாம், உடைந்து துகள் மூலையில் மாட்டிக்கொள்ளும். நாய் கட்டுகிற சங்கிலி ஒரு மீட்டர் உள்ளே விட்டு, அதன் ஒரு முனையில் கயிறு கட்டி வெளியே விட்டுக்கொண்டு குலுக்குங்கள், இழுத்தால் வந்துவிடும். நட்டு போடுகிறவர்கள் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கவும். நான் 40 போட்டு 39 எடுத்து, ஒரு மத்தியானம் முழுக்க டேங்கைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் கட்டடம் நடந்தபோது ஒருவர் போர்வையில் சுற்றிக் கலவை மெஷினில் கட்டிச் சுற்றவிட்டார், அருமையாக வந்தது, மேஸ்திரி சம்மதித்தால் நீங்களும் பார்க்கலாம்.

நல்லா வெள்ளி மாதிரி வந்துச்சுங்க. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா மறுபடியும் மஞ்சளா இருக்குது. என்ன தப்பு?

டீதான் தப்பு. துரு எடுப்பது லேசு, காய வைப்பதுதான் வேலையே. அமிலம் போன வெறும் இரும்பில் ஈரம் இருந்தால் சில நிமிடத்தில் மஞ்சள் பூக்கும். அதனால் அமிலத்தைக் கொட்டும் முன்பே அடுத்த எல்லாமும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கொட்டினவுடன் தண்ணீரில் ஒரு அலசு, உடனே லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் விட்டுக் குலுக்கல், மறுபடியும் இரண்டு அலசு. நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அந்த உப்பே துருவைக் கூப்பிடும், கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கி வையுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் அந்தச் செலவும் இல்லாமல் தப்பித்தார்கள்.

பிறகு புளோயர் அல்லது தலை காய வைக்கும் டிரையரை வாயில் வைத்து, டேப் ஓட்டையைத் திறந்து விட்டு, அரைமணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். ஆடி மாதமாக இருந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே பாதி வேலையைச் செய்யும், புழுதி மட்டும் உள்ளே போகாமல் துணி கட்ட வேண்டும். சிலர் ஈரத்தை எடுக்க ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்குவார்கள். நல்ல வழிதான், ஆனால் ஸ்பிரிட் ஊற்றினால் டிரையர் பக்கமே போகக்கூடாது, வெயிலும் காற்றும் மட்டும்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தால் டேங்க் குண்டாகிவிடும். காய்ந்ததும் அன்றே பெட்ரோல் போடாவிட்டால் 50 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டி வைத்துவிடுங்கள்.

கழுவுன தண்ணிய தென்னை மரத்துக்கு விட்டுடலாமுங்களா?

முதல் சோப்புக் கழுவலில் பெட்ரோல் இருக்கும், அதை மண்ணில் விடாதீர்கள். ஒரு டின்னில் நிற்க வைத்தால் பெட்ரோல் மேலே மிதக்கும், எடுத்துப் பழைய பெட்ரோலோடு சேர்த்துவிடலாம். அமிலத் தண்ணீரில் சோடா ஆஷைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பொங்குவது நின்றபின், கிணறும் வாய்க்காலும் இல்லாத மேட்டில் ஊற்றுங்கள். ஒரு டேங்குத் தண்ணீரில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி என்ன ஆனது, 2011-இல் சாயப்பட்டறைகளை உயர்நீதிமன்றம் மூடச் சொல்லும் அளவுக்கு எப்படிப் போனது என்று பார்த்த ஊர் நம்முடையது, அவ்வளவுதான் சொல்வேன்.

பேட்டரி சார்ஜர் வச்சுத் துரு எடுக்கறாங்களே, அது நல்லதுங்களா?

பொறுமை இருந்தால் அது ரொம்ப நல்லது, நல்ல இரும்பைத் தொடவே தொடாது. டேங்கில் தண்ணீர் நிரப்பி லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சோடா ஆஷ் கரைத்து, நடுவில் ஒரு கட்டுக்கம்பியைத் தொங்கவிட வேண்டும். 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும். கம்பி தகட்டில் எங்கும் படக்கூடாது, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டால் பயமில்லை. நுரை நுரையாக வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில்தான். துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியை மட்டும் போடாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். இதில் ஒரு குறை: கம்பிக்கு நேர் எதிரில் இருக்கும் இடம்தான் நன்றாகச் சுத்தமாகும், மூலைக்கு மூலை கம்பியை மாற்ற வேண்டும்.

துருவை எடுத்ததும் ஓட்டை தெரியுது. எம்-சீல் வைக்கலாமா, வெல்டிங் வைக்கலாமா?

துரு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைதான் அது, புதுசாக வந்ததில்லை. சந்தேகமாக இருந்தால் வெளியே சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுங்கள், எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. எம்-சீல் வீடு போய்ச் சேர உதவும், நம்பி ஓட்ட ஆகாது.

வெல்டிங், பிரேசிங் நீங்களே செய்யாதீர்கள். பத்துத் தடவை கழுவினாலும் மடிப்புக்குள் பெட்ரோல் தங்கியிருக்கும், சூடு பட்டால் ஆவியாகி வெடிக்கும். தெரிந்த ஆட்கள் ஓட்டை வரை தண்ணீர் நிரப்பி, காற்றிடத்தைக் குறைத்துவிட்டுத்தான் நெருப்பைக் காட்டுவார்கள். எனக்கு ஒரு ரேடியேட்டர் கடைக்காரர் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார், இன்று வரை நிற்கிறது. அடிப்பக்கம் முழுக்கச் சல்லடையாக இருந்தால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை, கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றி, நல்ல அடியுள்ள டேங்க் ஒன்றைத் தேடுங்கள். பெயிண்ட் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அடியைத் தட்டிப் பாருங்கள்.

உள்ளே கோட்டிங் அடிச்சே ஆகணுமா? அடிச்சது உரிஞ்சா என்ன பண்றது?

தினமும் ஓடும் வண்டிக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. ஊசி ஓட்டைகள் இருந்தால், அல்லது மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டி என்றால் அடிக்கலாம். இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி வகை, எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். டேப் ஓட்டையில் கிரீஸ் தடவின போல்ட்டைப் போட்டு, ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தைக் கவிழ்த்து வடிக்க வேண்டும். கார்த்திகைத் தூறல் நாளில் வேண்டவே வேண்டாம்.

என் இரண்டாவது தப்பு இதுதான். காய்ந்துவிட்டது என்று கையை விட்டுப் பார்த்து நம்பி அடித்தேன், மடிப்பில் ஈரம் இருந்திருக்கிறது. ஆறு மாதம் நன்றாகவே ஓடியது. கோபிக்குப் போகும்போது குன்னத்தூர் தாண்டி வண்டி இருமி இருமி நின்றது. டேப்பைக் கழட்டினால் சல்லடை மேல் வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல், விரலால் பிடித்து இழுத்தால் இழுக்க இழுக்க வருகிறது. உரிய ஆரம்பித்த கோட்டிங்கின் மேல் இன்னொன்று அடிப்பது வீண். பெயிண்ட் ரிமூவர் ஊற்றி, சங்கிலி போட்டுக் குலுக்கி, முழுக்க எடுத்துவிட்டு மறுபடி மேலே சொன்ன சோப்புக் கழுவலில் இருந்து தொடங்க வேண்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள், அது தோலில் பட்டால் மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும்.

நம்முளது புது வண்டி, எஃப்ஐ. அதுக்கும் இதேதானுங்களா? டிராக்டர் டேங்குக்கு?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகள் எஃப்ஐதான், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீச்சிக் கொடுக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். அதில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும், குழாயில் அழுத்தமும் இருக்கும், வண்டியை நிறுத்தியவுடன் பிடுங்கினால் முகத்தில் பீச்சும். பம்பை முழுசாக வெளியே எடுக்காமல் எதையும் ஊற்றக்கூடாது, திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போட வேண்டும். கை பழகாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது மேல். டிராக்டர் டீசல் டேங்கில் துருவைவிடக் கறுப்பு வழவழப்புதான் அதிகம், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் கிருமி அது. சோப்புக் கழுவலும் புது ஃபில்டரும் போதும், நிறைய பேருக்கு அமிலமே தேவைப்படாது.

எல்லாம் செஞ்சு மாட்டியாச்சுங்க. ஸ்டார்ட் ஆகுது, நாலு கிலோமீட்டர்ல நின்னுடுது, கொஞ்ச நேரம் விட்டா மறுபடியும் ஓடுது. துரு இன்னும் இருக்குதுங்களா?

துருவாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் மூடியைப் பாருங்கள். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால், நான் மேலே சொன்ன அந்தக் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி, அப்புறம் இறங்காமல் நின்றுவிடும். பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர் மூடிக்கும் சேர்த்து அடித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். ஊசியால் குத்தி, ஊதிப் பாருங்கள்.

மூடி சரியாக இருந்தால் டேப் சல்லடை, அப்புறம் டியூப் நடுவில் நீங்கள் போட்டிருக்க வேண்டிய சின்ன ஃபில்டர். முதல் வாரம் அதில் கொஞ்சம் செம்பொடி வரத்தான் செய்யும், இரண்டு லிட்டர் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கித் துணியில் வடித்துவிட்டு மாட்டியிருந்தால் அதுவும் குறையும். இரண்டாவது ஃபில்டரும் அதே வேகத்தில் சிவந்தால் டேங்கைக் கழட்டுங்கள், டீ குடிக்கப் போன அந்த அரைமணி நேரம்தான் திரும்பி வந்திருக்கிறது.